குளத்துத் தூண்டிலோடு கடலுக்கு: கரையில் நின்று ஃப்ளை தூண்டில் போட ஒரு முழுமையான வழிகாட்டி

இறக்காமம் குளத்தில் திலாப்பியாவும் விராலும் பிடித்துப் பழகிய கை நம்மில் பலருக்கு உண்டு. விடுமுறை நாளில் இங்கினியாகலை வரை போய், சேனநாயக்க சமுத்திரத்தின் ஓரத்தில் கம்பைப் போட்டுக்கொண்டு காத்திருந்திருப்போம். ஆனால் கல்முனையிலோ நிந்தவூரிலோ வீட்டுப் படலையைத் திறந்து பத்து நிமிடம் நடந்தால் வந்துவிடுகிற கடலில் தூண்டில் போட்டவர்கள் குறைவு. கடல் வலைக்காரருக்கு, தூண்டில் குளத்துக்கு என்று நாமாகவே பிரித்து வைத்துவிட்டோம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகள் சிலருக்குக் கடற்கரைக்குப் போகவே வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை. அதுவும் ஒரு காரணம்.

இந்த வழிகாட்டியில் குளத்து அனுபவத்தை வைத்துக்கொண்டு, மருதமுனை முதல் பொத்துவில் வரையான நமது கரையில் ஃப்ளை தூண்டில் போடப் படிப்படியாகப் பழகப்போகிறோம். கடல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மீன் கடிக்கும்போது கை நடுங்குகிற அந்த ஆசை இருந்தால் போதும்.

ஃப்ளை தூண்டில் என்றால் என்ன?

குளத்தில் வீசும்போது ஈயக்குண்டோ மிதவையோ முன்னே பறக்கிறது. தங்கூசி அதன் பின்னால் இழுபட்டுப் போகிறது. ஃப்ளை தூண்டிலில் இது தலைகீழ். கொக்கியில் கட்டிய இறகுக்கு எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. அதைச் சுமந்து போவது நூல்தான். மேலே பிளாஸ்ரிக் பூசிய தடித்த நூல் அது; லைன் என்பார்கள், எடையை வைத்து எண் போடுவார்கள். 8 ஆம் எண் லைனில் முதல் 9 மீற்றரின் எடை சுமார் 13.6 கிராம். அந்த எடை கம்பைப் பின்னுக்கும் முன்னுக்கும் வளைக்கிறது. கம்பு நிமிரும்போது நூல் காற்றில் வளையமாக விரிந்து போய், கடைசியில் இறகைச் சத்தமில்லாமல் தண்ணீரில் இறக்கி வைக்கிறது.

ஃப்ளை என்றால் ஈ. ஆற்றில் விழும் ஈயையும் பூச்சியையும் போலக் கொக்கியில் இறகு கட்டியதால் வந்த பெயர். இலங்கைக்கு இது வெள்ளைக்காரரோடு வந்தது. 1880களில் நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளில் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டவர்கள், அதைப் பிடிக்க இந்தக் கம்பையும் கொண்டுவந்தார்கள். பிறகு நெடுங்காலம் அது மலைநாட்டுப் பொழுதுபோக்காகவே இருந்துவிட்டது.

கடலில் நாம் ஈயைக் காட்டப் போவதில்லை. நெத்தலி, சூடை, சின்ன இறால் இவற்றைப் போலத்தான் இறகைக் கட்டப்போகிறோம். பெயர் மட்டும் ஃப்ளை.

நமது கரை இதற்கு ஏற்றதா?

நன்றாகவே ஏற்றது. ஏனென்று தெரிந்துகொண்டால் பின்னால் வரும் பாதி விடயம் விளங்கிவிடும்.

முதலாவது, மீன் கிட்ட இருக்கிறது. நமது மணற்கரையில் அலை வெளியே ஒரு மணல்திட்டில் உடைந்து, பிறகு தணிந்து, கரையருகே மறுபடி உடையும். இரண்டுக்கும் நடுவே சற்று ஆழமான, நிறம் கறுத்த பள்ளம் ஒன்று கரையோடு நீளமாக ஓடும். சூடையும் நெத்தலியும் அதில் ஒதுங்குகின்றன. பாரை அவற்றைத் துரத்திக்கொண்டு உள்ளே வருகிறது. பல இடங்களில் அந்தப் பள்ளம் நம் காலிலிருந்து 15 மீற்றருக்குள் இருக்கும். குளத்தில் அல்லிக்கொடி ஓரத்தைத் தேடிய கண்ணுக்கு இந்தப் பள்ளத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. இரண்டும் ஓரம்தான்.

இரண்டாவது, காற்று. நமது கடல் கிழக்கே இருக்கிறது. அதிகாலையில் தரைக்காற்று நம் முதுகுப் பக்கமிருந்து கடலுக்கு வீசும். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது கரையோரக் கடல் குளம் போலக் கிடக்கும் காலைகள் உண்டு. வயலையும் தோலையும் காய வைக்கிற காற்று என்று அதைக் குறை சொல்லியே பழகிவிட்டோம். ஃப்ளை தூண்டிலுக்கு அது பெரிய உதவி.

மூன்றாவது, வற்றும் பெருக்கும் நமக்குக் குறைவு. ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவாகவே இருப்பதால், வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வதுபோல மணிக்கணக்குப் பார்த்து ஓட வேண்டியதில்லை. ஆற்றுவாயில் மட்டும் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தால் போதும்.

செலவில்லாத முதற்படி

உடனே கடைக்கு ஓட வேண்டாம். குளத்துக்கு வைத்திருக்கும் ரீல் றொட்டையே எடுப்போம். தங்கூசி நுனியில் சின்ன மிதவை ஒன்று. கண்ணாடி போலத் தெளிந்த பிளாஸ்ரிக் மிதவை கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் பென்சில் தடிப்பில் ஒரு மரத்துண்டு. அதிலிருந்து நான்கடி மெல்லிய தங்கூசி, அதன் நுனியில் ஒரு ஃப்ளை. வீசிவிட்டு, கொஞ்சம் இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுப்போம்.

இது முழுமையான ஃப்ளை தூண்டில் அல்ல. ஆனாலும் இறகைப் பார்த்து மீன் வருமா என்ற சந்தேகம் இதிலேயே தீர்ந்துவிடும். ஒரு உள்ளங்கைப் பாரை வந்து இறகை அடித்தபின், பணம் செலவழிப்பதா வேண்டாமா என்று யோசிக்கலாம். இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்கள் சிலர் வாங்கிய கம்பு இன்று அலுமாரிக்கு மேல் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

என்னென்ன வேண்டும்?

கம்பு: 9 அடி நீளம், 8 ஆம் எண். ட்ரவுட்டுக்குப் பாவிக்கும் 4, 5 ஆம் எண் கம்புகள் கடற்காற்றுக்கும் கனமான ஃப்ளைக்கும் தாங்காது. 10, 12 ஆம் எண் கம்புகள் பெரிய பாரைக்கானவை. தொடக்கத்தில் தோள்தான் நோகும். நான்கு துண்டாகக் கழற்றக்கூடியதையே வாங்குவோம். ஒரு துண்டு முக்கால் மீற்றருக்கும் குறைவாக இருப்பதால் பெட்டியிலும் அடங்கும், மோட்டார் சைக்கிளிலும் கட்டலாம்.

ரீல்: உப்புத்தண்ணீருக்கென்று செய்ததாக, உள்ளே மணலும் உப்பும் புகாதபடி ட்ராக் என்கிற பிரேக் மூடப்பட்டதாக இருக்க வேண்டும். குளத்தில் ரீல் நூலைச் சுற்றி வைக்கிற பெட்டி மாதிரி. கடலில் ஒரு இரண்டு கிலோப் பாரை ஓடத் தொடங்கினால் அதை நிறுத்துவது ரீலின் ட்ராக்தான்.

லைன்: பணத்தை இதில் போடுவோம். கம்பில் மிச்சம் பிடித்தாலும் லைனில் மிச்சம் பிடிக்க வேண்டாம். குளிர்நாட்டுக்குச் செய்த லைன் நமது வெயிலில் வேகவைத்த இடியப்பம்போலத் தளர்ந்து, கம்பின் வளையங்களில் ஒட்டிக்கொள்ளும். பெட்டியில் ட்ரொபிக்கல் என்று போட்டிருக்கிறதா பார்க்க வேண்டும். மிதக்கும் லைன், மெதுவாக அமிழும் லைன் என்று வகைகள் உண்டு. ஒன்றுதான் வாங்க முடியுமென்றால், கரைக்கு மெதுவாக அமிழும் இன்டர்மீடியட் வகையை எடுப்போம். மிதக்கும் லைனை ஒவ்வொரு அலையும் தூக்கி நம் காலடியிலேயே கொண்டுவந்து போடும். அமிழும் லைன் அலைக்குக் கீழே நேராகக் கிடக்கும்.

பேக்கிங் நூல்: லைன் 30 மீற்றர்தான். அதற்குப் பின்னால் ரீலில் 20 அல்லது 30 இறாத்தல் பலமுள்ள நூல் 150 மீற்றராவது இருக்க வேண்டும்.

லீடர்: லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவே 8 அடி தங்கூசி. 40 இறாத்தலில் நாலடி, 30 இல் இரண்டடி, 20 இல் இரண்டடி என்று முடிந்துகொள்ளலாம். சீலா இருக்கும் இடத்தில் நுனிக்கு ஒரு சாண் மெல்லிய கம்பி. சீலாவின் பல் தங்கூசியைக் கத்தரிக்கோல் போல வெட்டும்.

பேசின்: இழுத்தெடுத்த லைனை அலையில் விட்டால் காலைச் சுற்றும், மணல் பிடிக்கும். இடுப்பில் ஒரு பிளாஸ்ரிக் பேசினைப் பட்டியால் கட்டி, அதற்குள் லைனை விழவைப்போம். பேசினின் அடியில் துளையிட்டு ஏழெட்டு கேபிள் டையை நிமிர்த்தி வைத்தால் லைன் சிக்காது. பார்ப்பவர்கள் மீன் விற்க வந்த ஆள் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும்; இது இல்லாமல் அலைக்கரையில் நிற்கவே முடியாது.

தொப்பியும் கண்ணாடியும்: கண்ணாடி கட்டாயம். காற்றில் வரும் கொக்கியிலிருந்து கண்ணைக் காப்பது அதன் முதல் வேலை. போலரைஸ்ட் கண்ணாடியானால் எதிரே எழும் சூரியனின் கூச்சமும் குறைந்து, தண்ணீருக்குள் பள்ளமும் தெரியும்.

எவ்வளவு செலவாகும்?

ஒரு டொலரை 300 ரூபா என்று வைத்துக் கணக்குப் பார்ப்போம். தொடக்கக்காரருக்கான 8 ஆம் எண் கம்பும் ரீலும் சேர்ந்த செட் வெளிநாட்டில் 100 முதல் 200 டொலர். நமக்கு 30,000 முதல் 60,000 ரூபா. நல்ல லைன் ஒன்று 40 முதல் 80 டொலர். 12,000 முதல் 24,000 ரூபா. பேக்கிங், தங்கூசி, கொக்கி, பேசின், கண்ணாடி எல்லாம் சேர்த்து ஒரு 10,000 ஒதுக்குவோம். குறைத்துப் பார்த்தாலும் ஐம்பதாயிரத்துக்கு மேல் போகிறது. சின்னத் தொகை இல்லை.

அதனால் ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் வாங்க வேண்டாம். செட்டில் வரும் லைனோடு புல்வெளியில் பழகிவிட்டு, கடலில் இறங்கும்போது நல்ல லைன் வாங்கலாம். நம் வீடுகளில் யாராவது ஒருவர் கட்டாரிலோ துபாயிலோ இருப்பார். விடுமுறைக்கு வரும் மச்சானிடம் சொல்லி வைத்தால் தபால் செலவு மிச்சம். சொல்லும்போது ‘ஒன்பதடி, எட்டாம் நம்பர், நாலு துண்டு, உப்புத்தண்ணி ரீல்’ என்று எழுதியே கொடுத்துவிடுவோம். கொக்கி, தங்கூசி போன்றவை நமது ஊர்க் கடற்றொழில் உபகரணக் கடைகளிலேயே கிடைக்கும்.

ஃப்ளையை நாமே கட்டுவோம்

கடையில் ஒரு கடல் ஃப்ளை வாங்க ஆயிரம் ரூபாவுக்கு மேல் போகலாம். பாறையில் ஒரு முறை மாட்டினால் அது போய்விட்டது. நமக்கோ கட்டுவதற்கான பொருள் ஊரிலேயே கிடக்கிறது.

தொடங்குவதற்கு ஒரே ஒரு வகை போதும்: கிளவுசர் மின்னோ. பொப் கிளவுசர் என்பவர் 1980களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், சஸ்குவெஹானா ஆற்று மீனுக்காகக் கட்டியது இது. ஆற்றில் பிறந்து, இன்று உலகத்தின் எல்லாக் கடல்களிலும் போடப்படுகிறது. குளத்திலிருந்து கடலுக்குப் போகும் நமக்குப் பொருத்தமான ஃப்ளை.

1/0 அளவுக் கொக்கியை ஒரு சிறிய வைஸில் இறுக்குவோம். கொக்கியின் வளையத்துக்குச் சற்றுப் பின்னால் இரண்டு மணிகளை நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுவோம். சாவிக்கொத்தில் வரும் மணிச்சங்கிலியில் இரண்டு மணியை வெட்டி எடுத்தால் அதுவே கண். அந்த எடையால் கொக்கி தண்ணீரில் தலைகீழாகத் திரும்பி, நுனி மேலே பார்க்கும், மணலில் குத்தாது. பிறகு ஒரு பக்கம் வெள்ளை ஆட்டு உரோமம் கொஞ்சம், மறுபக்கம் இரண்டு மூன்று இழை ஜரிகை, அதன்மேல் பச்சையோ மஞ்சளோ சாயமிட்ட உரோமம். மொத்த நீளம் ஒரு விரல். தலையில் நூலைச் சுற்றி முடிந்து ஒரு சொட்டுப் பசை.

உரோமத்துக்கு ஹஜ்ஜுப் பெருநாள் காலத்தில் குர்பான் கொடுக்கும் வீடுகளில் ஆட்டு வாலைக் கேட்டு வாங்கி, உப்பிட்டுக் காயவைத்து ஒரு வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மினுங்கும் நூலுக்கும் ஜரிகைக்கும் மருதமுனைக் கைத்தறிகளில் விழுகிற துண்டு நூலே தாராளம். நாட்டுச் சேவலின் கழுத்து இறகு மற்ற ஃப்ளைகளுக்கு உதவும்.

ஒரு தவறை எல்லாருமே செய்கிறோம்: உரோமத்தை அள்ளி வைத்துவிடுகிறோம். நெத்தலியை வெயிலில் பிடித்துப் பார்த்தால் உள்ளே முள் தெரியும், அவ்வளவு மெல்லியது. ஃப்ளையும் அப்படி இருக்க வேண்டும். போதாது என்று தோன்றுகிற அளவில் பாதியை எடுத்தால் சரியாக இருக்கும்.

கட்டி முடித்ததும் கொக்கியின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுவோம். நம் காதில் குத்தினாலும் இழுத்த உடனே வரும். வேண்டாத மீனையும் நோகாமல் கழற்றி விடலாம்.

வீசப் பழகுதல்

கடலில் பழகக் கூடாது. புல்வெளியில், பாடசாலை மைதானத்தில் பழகுவோம். ஃப்ளைக்குப் பதிலாக ஒரு துண்டுக் கம்பளி நூலைக் கட்டிக்கொண்டு, ஒரு நாளைக்குக் கால் மணித்தியாலம், மூன்று கிழமை. ஒரே நாளில் இரண்டு மணித்தியாலம் வீசுவதைவிட இது பலமடங்கு பயன் தரும்.

லைனை முன்னால் நேராகக் கிடத்துவோம். கம்பை மெதுவாகப் பின்னுக்கு எடுக்கத் தொடங்கி, வேகமாக்கி, காதைத் தாண்டியதும் சட்டென்று நிறுத்துவோம். இந்த நிறுத்தத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கம்பு நின்றால்தான் நூல் பறக்கும். குளத்தில் முழுக்கையையும் சுழற்றி எறிந்து பழகிய நமக்கு நிறுத்த வராது. கம்பு முதுகுக்குப் பின்னால் தரையைத் தொடும் வரை போய்விடும். நிறுத்தியதும் பொறுத்திருப்போம். பின்னால் நூல் முழுதாக விரியும் வரை ஒரு மூச்சுவிடும் நேரம். திரும்பிப் பார்ப்பதில் வெட்கமில்லை, நானும் பார்க்கிறேன். விரிந்ததும் முன்னுக்குக் கொண்டுவந்து மறுபடி சட்டென்று நிறுத்துவோம்.

பின்னால் சவுக்கடி போல ‘டப்’ என்று சத்தம் வந்தால் அவசரப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம். கடலில் அந்தச் சத்தம் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃப்ளை அறுந்து போகும்.

12 மீற்றர் நேராகப் போகத் தொடங்கினால் கடலுக்குத் தயார். 20 மீற்றர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தூரம் வேண்டுமென்றால் பிறகு, இடது கையால் லைனை இழுத்து வேகம் கூட்டும் முறையைப் பழகலாம்.

முதுகுக்காற்றில் ஒரு சிக்கல் உண்டு. முன்வீச்சை அது தூக்கிக்கொண்டு போகும், பின்வீச்சை அமுக்கும். ஆகவே பின்வீச்சைத் தாழ்வாக, பலமாக, முன்வீச்சை உயரமாக. காற்று கடலிலிருந்து முகத்தில் அடித்தால் இதை மாற்றிச் செய்ய வேண்டும். காற்று கம்பு பிடித்த கைப்பக்கமிருந்து வந்தால் கொக்கி நேராகத் தலைக்கு வரும். அன்றைக்கு நின்ற இடத்தை மாற்றுவோம், இல்லையென்றால் வீட்டுக்குப் போவோம்.

எப்போது, எங்கே?

மார்ச் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை நமக்கான காலம். சுபஹ் தொழுதுவிட்டு நேரே கரைக்குப் போனால், வெளிச்சம் வரும்போது லைன் தண்ணீரில் இருக்கும். வெயில் ஏறிக் கடற்காற்று திரும்பும்வரை இரண்டு மூன்று மணித்தியாலம் கிடைக்கும். மாலையில் அஸருக்குப் பிறகு சூரியன் முதுகுக்குப் போய்விடுவதால் தண்ணீருக்குள் நன்றாகத் தெரியும், காற்றுத்தான் எதிர்க்கும்.

நவம்பர் முதல் ஜனவரி வரை வாடையும் மாரியும். கடல் கொந்தளித்துக் கலங்கி இருக்கும். கரைப்பக்கம் போக வேண்டாம், ஃப்ளை கட்டுவோம்.

தொடங்க நல்ல இடம் நமது ஊர் மணற்கரையேதான். கல்முனையிலிருந்து சாய்ந்தமருது, நிந்தவூர் வரை எங்கேயும் அந்தப் பள்ளத்தைத் தேடலாம். கல்முனைக் கடற்கரைப் பள்ளிப் பக்கம் கொடியேற்ற நாட்களில் சனம் நிறைந்திருக்கும். அந்த நாட்களில் கொக்கியோடு அங்கே போகக் கூடாது.

ஒலுவிலில் 2013இல் திறந்த துறைமுகத்தின் அலைதடுப்புக் கற்கள் பாரைக்கும் சீலாவுக்கும் நல்ல மறைவு. ஆனால் அந்தக் கரையைப் பற்றிப் பேசும்போது மனம் கனக்கிறது. தடுப்புக் கட்டியபின் வடக்குப் பக்கம் கடல் நிலத்தை அரித்துத் தின்றுவிட்டது. தென்னையும் காணியும் போயின. அங்கே கடல் விளிம்பு நிலையாக நிற்பதில்லை. அரிப்புச் சுவரின் மேல் நிற்காமல், உறுதியான மணலில் நின்று வீசுவோம். துறைமுக எல்லைக்குள் போவதென்றால் வாசலில் அனுமதி கேட்டே போக வேண்டும்.

களியோடை போன்ற ஆறுகளும் களப்புகளும் கடலைச் சந்திக்கும் இடங்கள் அடுத்த வகுப்பு. கோடையில் மணல் மூடிய வாய், மாரி வெள்ளத்தில் தானே உடையும், அல்லது வயலைக் காக்க வெட்டி விடுவார்கள். முதல் நாட்களின் செம்மண் வெள்ளத்தில் யாரும் இறங்கக் கூடாது. பெப்ரவரி, மார்ச்சில் நீர் தெளியும்போது களப்பிலிருந்து இறாலும் மணலைக் குஞ்சும் வெளியேறும். கொடுவாவும் செப்பலியும் வாயில் காத்திருக்கும். தெற்கே பொத்துவில், அறுகம்பைப் பக்கம் பாறைமுனைகள் உண்டு. அவை கை பழகியபின். பாணமைக்கு அப்பால் குமண தேசிய பூங்காவின் எல்லைக்குள் தூண்டில் கொண்டுபோக வேண்டாம்.

வலைக்காரருக்கே முதலிடம்

நாம் பொழுதுபோக்குக்கு நிற்கும் கரை கரைவலைக்காரரின் தொழிலிடம். ஒவ்வொரு பாட்டுக்கும், அதாவது வலை இழுக்கும் கரைத்துண்டுக்கும், உரியவர் இருக்கிறார். தோணி வலையை வளைத்துக்கொண்டு போயிருந்தால் இரண்டு கயிற்றுக்கும் நடுவே நாம் நிற்கவே கூடாது. வலையில் கொக்கி மாட்டினால் அவர்களுடைய கை கிழியும்.

வாடிக்குப் போய் சலாம் சொல்லி, “காக்கா, எந்தப் பக்கம் நின்றால் உங்களுக்கு இடைஞ்சல் இல்லை?” என்று கேட்போம். “மடி கரைக்கு வரும்வரை பொறுங்க தம்பி, பிறகு போடலாம்” என்று சொன்னால் பொறுப்போம். பொறுப்பதில் நஷ்டமே இல்லை. மடியில் என்ன மீன், எந்த அளவுச் சூடை என்று பார்த்தால் எந்த ஃப்ளையைக் கட்டுவது என்று தெரிந்துவிடும். கயிற்றில் ஒரு கை கொடுத்தால் அன்றைக்குக் கிடைக்கும் தகவல் எந்தப் புத்தகத்திலும் இராது. வலைக்குத் தலைமை தாங்கும் தண்டையல் ஒருவர் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து “அந்தா பாரை நிக்குது” என்று காட்டிய இடத்தில்தான் எனக்கு முதல் மீன் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை காலையில் நம் ஊர்க் கரைகளில் வலை இழுப்பு குறைவாக இருக்கும். பழகுபவருக்கு அது வசதியான நாள். ஜும்ஆவுக்கு நேரத்தோடு திரும்பிவிட வேண்டும்.

முதல் காலை

கரைக்கு வந்ததும் வீச வேண்டாம். பத்து நிமிடம் மணல்மேட்டில் நின்று பார்ப்போம். அலை எங்கே உடைகிறது, எங்கே உடையாமல் கறுத்துக் கிடக்கிறது, ஆலாப் பறவை எங்கே விழுகிறது, சூடை எங்கே துள்ளுகிறது.

பிறகு தண்ணீரிலிருந்து நாலைந்து மீற்றர் தள்ளி, ஈரமணலில் நின்றே முதல் வீச்சு. இது முக்கியம். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நிற்பவர், மீன் இருக்கும் பள்ளத்தை மிதித்துக்கொண்டு மீன் இல்லாத இடத்துக்கு வீசுகிறார். நேரே கடலுக்கு வீசாமல் சரிவாக, பள்ளத்தோடு நீளமாக வீசினால் ஃப்ளை அதிக நேரம் மீனுள்ள தண்ணீரில் இருக்கும்.

ஃப்ளை விழுந்ததும் மூன்று எண்ணுவோம். கம்பு நுனி தண்ணீரைத் தொடுமளவு தாழ்ந்திருக்கட்டும். வலது கைச் சுட்டுவிரலுக்குக் கீழே லைனைப் பிடித்து, இடது கையால் ஒரு சாண், ஒரு சாணாக இழுப்போம். பாரைக்கு வேகமாக, நிறுத்தாமல். கொடுவாவுக்கு இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம். ஐந்தாறு வீச்சுக்குப் பிறகு பத்தடி நகர்வோம். குளத்தில் உட்கார்ந்து காத்திருந்தோம்; இங்கே நடக்கிறோம்.

மீன் கடித்ததும்

கடித்தவுடன் நம் கை கம்பைத் தூக்கும். பல வருடப் பழக்கம் அது. குளத்தில் அது சரி. இங்கே தூக்கினால் கம்பு வளையும், கொக்கி ஏறாது, ஃப்ளை மீனின் வாயிலிருந்து பறந்து வந்துவிடும். கம்பு தாழ்ந்தபடியே இருக்க, இடது கையால் லைனை நீளமாக, உறுதியாக இழுக்க வேண்டும். மீன் தப்பினாலும் ஃப்ளை ஓரடிதான் நகர்ந்திருக்கும். திரும்பி வந்து மறுபடி கடிக்கும். முதல் பத்து மீனில் ஏழெட்டை இந்தப் பழக்கத்தால் இழப்போம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கும் புல்வெளியிலேயே பயிற்சி எடுக்கலாம்: லைன் நுனியைத் தம்பியோ மகனோ பிடித்துக்கொண்டு சட்டென்று இழுக்கட்டும், நாம் கம்பைத் தூக்காமல் இழுத்துப் பழகுவோம்.

கொக்கி ஏறியதும் கம்பை உயர்த்தலாம். பேசினில் கிடக்கும் லைன் சிக்காமல் வெளியேறுகிறதா என்பதில் மட்டும் கண். லைன் முடிந்து ரீல் சத்தமிடத் தொடங்கியதும் ஓடவிடுவோம். ரீலின் பிடியில் விரல் வைத்தால் நகம் உடையும். கரைக்கு வரும்போது அலையோடு சேர்ந்து பின்னுக்கு நடந்தால் அலையே மீனை மணலில் ஏற்றிவிடும்.

வீட்டுக்குத் தேவையானதை எடுத்துக்கொள்வோம். குஞ்சுப் பாரையையும் தேவைக்கு மேலானதையும் ஈரக்கையால் பிடித்து, தலை கடலைப் பார்க்க விட்டுவிடுவோம். உயிரோடு விளையாடுவதற்காக மட்டும் பிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கறிக்கு இரண்டு கிடைத்தால் கொக்கியைக் கழற்றிவிட்டு வீசிப் பழகுவேன்.

கவனம்

தண்ணீரில் இறங்குவதென்றால் முழங்காலுக்கு மேல் வேண்டாம். அலை உடையாமல் கடலுக்குள் நுரை இழுபட்டுப் போகும் இடம் நீரோட்டம் உள்ளே இழுக்கும் இடம். அங்கே கால் வைக்கவே கூடாது. ஆற்றுவாயில் தனியாக நிற்கக் கூடாது.

காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்து நடந்தால் திருக்கை விலகிப் போகும். குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில் காலை அமிழ்த்தி வலி குறையும்வரை வைத்துவிட்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கல்முனைப் பக்கமென்றால் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை இருக்கிறது. கெளிற்றின் முள்ளும் கட்டாவின் முள்ளும் கடுக்கும். துணியால் பிடித்துக் குறட்டால் கொக்கியைக் கழற்றுவோம். பேத்தை கிடைத்தால் கடலிலேயே விடுவோம், எந்த வகையிலும் சமைக்கக் கூடாது.

களப்போரத்தில் முதலை. விடியலிலும் மஃரிப் நேரத்திலும் களப்புத் தண்ணீருக்குள் நிற்பதே இல்லை என்று முடிவெடுத்துக்கொள்வோம். பொத்துவிலுக்குத் தெற்கே காலை மாலையில் யானை.

ஏப்ரலிலும் ஒக்ரோபரிலும் பிற்பகல் இடிமழை வரும். நம் கையில் இருப்பது 9 அடிக் காபன் கம்பு. முதல் முழக்கத்திலேயே அதைக் கீழே வைத்துவிட்டுக் கரையை விட்டுப் போக வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும்

தேநீருக்கு முன் இந்த வேலை. ரீலையும் கம்பையும் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுவோம். குழாயின் வேகத்தில் பிடித்தால் உப்பு உள்ளே போகும். ட்ராக்கைத் தளர்த்தி, நிழலில் காயவைப்போம். லைனை ஒரு வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து ஈரத்துணியால் துடைப்போம். பாவித்த ஃப்ளைகளைப் பெட்டியில் போடாமல் தனியே கழுவிக் காயவைக்க வேண்டும். ஒன்றின் உப்பு மற்ற எல்லாவற்றையும் துருப்பிடிக்க வைக்கும்.

இரவில் லீடரை விரலிடையே ஓடவிட்டுப் பார்த்து, சுரசுரப்பான துண்டை வெட்டிப் புதிதாக முடிவோம். விடிவதற்கு முன் எழுந்து முற்றத்துத் தென்னோலையைப் பார்ப்போம். ஓலை கடல் பக்கம் சாய்ந்திருந்தால் பேசினை எடுத்துக்கொள்ளலாம்.